தள்ளினாலும் போகாத உஸ்வா

எஸ்கோவின் கைபேசியில் மேல் ஓரத்தில் ஒரு சின்ன நாய்ப்பாதம் எந்நேரமும் நின்றுகொண்டிருக்கும். கீழே இழுத்துப் பார்த்தால் ஒரே ஒரு வரி. "உஸ்வா: ஓய்வு." இல்லாவிட்டால் "உஸ்வா: நகர்கிறது." அதுவும் இல்லாவிட்டால், எஸ்கோவின் வயிற்றில் கொள்ளிக்கட்டையைச் செருகுகிற மூன்றாவது வரி: "உஸ்வா: குரைக்கிறது." மற்ற அறிவிப்புகள் எல்லாம் மரியாதை தெரிந்தவை. மருந்துக்கடையின் நினைவூட்டல், மச்சினி அனுப்பும் பூனைப் படம், மின்சாரக் கம்பெனியின் புலம்பல், எதுவானாலும் விரலால் ஒரு தள்ளு தள்ளினால் போய்விடும். இது போகாது. கொஞ்சம் நகர்வதுபோல் பாவனை செய்துவிட்டு மறுபடியும் தன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். செயலியை மூடினாலும் அது பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுகிறேன், ஓடுகிறேன் என்று தலைமாட்டில் நின்று சொல்லிக்கொண்டும் இருக்கும்.

அந்த வரிக்குக் கீழே சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில், இன்னொரு வரியும் உண்டு. அதைப் படிக்கக் கண்ணாடி வேண்டும். உஸ்வா என்ற பெயர் இல்லாத வரிக்காகக் கண்ணாடி தேடுகிற ஆள் எஸ்கோ இல்லை.

"அது என்ன, எப்பப் பார்த்தாலும் டிங் டிங்னு?" என்பாள் மனைவி சிர்க்கா.

"என் நாய்."

"உன் நாயா? அதைத்தான் ஏப்ரல்லயே தைனாகிட்ட கொடுத்துட்டியே, மனுஷா."

"கொடுத்தேன். அதுக்காக?"

சிர்க்கா தலையில் அடித்துக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போவாள்.

கூஹ்மோ நகருக்கு வடக்கே, ரஷ்ய எல்லைக்குப் போகிற எங்கள் பக்கத்துச் சாலைகளில் முப்பது வருஷம் பனி தள்ளும் லாரி ஓட்டியவர் எஸ்கோ. விடிவதற்கு முன்னால் அவருடைய லாரிச் சத்தம் கேட்டால்தான் ஊர் காப்பிக்கு அடுப்பை மூட்டும். பேச்சு குறைவு. கல்யாணத்தின்போது பாதிரியாரிடம் சொன்ன 'சம்மதம்' என்பதே அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் என்று சிர்க்கா இன்றைக்கும் கேலி செய்வாள். ஆனால் நாய் என்று வந்துவிட்டால் அவருக்குக் கர்வம் தாங்காது. ஊர் வேட்டைச் சங்கத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ நாய் வைத்திருந்தார்கள். எஸ்கோ வளர்த்த நாயைப் போல் மூஸை, அந்தக் குதிரை உயரத்துக் காட்டு மானை, நிறுத்தி வைக்கிற நாய் வேறு யாரிடமும் இருந்ததில்லை. இதைச் சங்கத்தில் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள், எஸ்கோ பக்கத்தில் இல்லாதபோது.

மூஸ் வேட்டையில் நாயின் வேலை துரத்துவது அல்ல. அந்தப் பெரிய மிருகத்தைக் கண்டுபிடித்து, எதிரே நின்று, கிட்டேயும் போகாமல் எட்டவும் போகாமல் குரைத்துக் குரைத்து எரிச்சலூட்டி, நின்ற இடத்திலேயே நிற்க வைக்க வேண்டும். அந்த நேரத்தில் வேட்டைக்காரர்கள் காற்றுக்கு எதிராக மெதுவாக வந்து சேருவார்கள். நாயின் கழுத்துப் பட்டையில் உள்ள கருவி, நாய் எங்கே இருக்கிறது, குரைக்கிறதா இல்லையா என்பதைச் சங்கத்தார் எல்லாருடைய கைபேசிக்கும் சொல்லிவிடும். உஸ்வா எஸ்கோவின் நான்காவது நாய். சாம்பல் நிறம், சுருண்ட வால். முன்னால் இருந்த மூன்றும் வேலை செய்தன. உஸ்வா வேலையை யோசித்துச் செய்தது. சுட்டு முடிந்ததும் மற்ற நாய்கள் எல்லாம் செத்த மூஸிடம் ஓடி ரோமத்தைப் பிய்க்கும். உஸ்வா மட்டும் நேராக எஸ்கோவிடம் வந்து, அவருடைய ரப்பர் பூட்ஸ் மேல் தலையை வைத்துப் படுத்துவிடும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எஸ்கோ வருஷம் முழுவதும் காத்துக்கொண்டிருப்பார்.

பிறகு இடுப்பு எலும்பு கெட்டது. குளிர்காலத்தில் ஆஸ்பத்திரியில் இடுப்பு மூட்டு மாற்றினார்கள். கார் ஓட்டலாம், சமதரையில் நடக்கலாம், காட்டில் சதுப்பு நிலத்தில் நடக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து வயது நாய். ஓட வேண்டிய வயது. அதைக் கட்டிப் போட்டு வைப்பது பாவம் என்று எஸ்கோவுக்குத் தெரியும். அதே சங்கத்தில் இருந்த தைனாவின் நாய் முந்தின இலையுதிர் காலத்தில்தான் செத்துப்போயிருந்தது. தைனா பள்ளிக்கூட டாக்சி ஓட்டுகிறவள். நாற்பது தாண்டியவள், சதுப்பில் தார்ரோட்டில் போவதுபோல் போவாள். எஸ்கோதான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். வேறு யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.

எங்கள் பக்கத்தில் நாயைச் சும்மா கொடுக்கவும் மாட்டார்கள், சும்மா வாங்கவும் மாட்டார்கள். ஏதாவது ஒன்று கைமாற வேண்டும், ஒரு பாக்கெட் காப்பித்தூளாவது. அப்படி மாறாவிட்டால் நாய் புது வீட்டில் ஒட்டாது என்பது நம்பிக்கை. தைனாவும் முறைப்படி ஒரு பாக்கெட் காப்பித்தூளோடுதான் வந்தாள்.

"இந்தாங்க எஸ்கோ, பிடிங்க."

"அதெல்லாம் வேண்டாம். எடுத்துட்டுப் போ."

"ஐயோ, அது வழக்கமாச்சே!"

"எங்க வீட்டுல காப்பி இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். பெருந்தன்மை என்று தைனா நினைத்துக்கொண்டாள். பெருந்தன்மையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. காப்பியை வாங்கினால் நாய் போய்விட்டது என்று ஆகிவிடுமே. அதற்குத்தான்.

மே மாதத்தில் கடை வாசலில் உஸ்வாவைப் பார்த்தார். கட்டாமலேயே, தைனா வெளியே வரும்வரை சிலைபோல் உட்கார்ந்திருந்தது. எஸ்கோவிடம் இருந்தபோது ஒருநாளும் அது அப்படிக் காத்திருந்ததில்லை. வாசலில் விட்டால் கடைக்குள் ரொட்டி அடுக்குவரைக்கும் வந்துவிடும். எஸ்கோ வாங்க வந்த பாலை வாங்காமலேயே திரும்பிவிட்டார்.

ஆகஸ்ட் கடைசியில், பழைய கடைக்காரர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து, சர்ச் கூடத்தில் காப்பியும் கேக்கும் கொடுத்து, இரங்கல் அட்டைகளை ஒவ்வொன்றாக எழுந்து நின்று படித்துக்கொண்டிருந்தார்கள். கூடமே ஊசி விழுந்தால் கேட்கிற மௌனத்தில் இருந்தது. அப்போது சங்கத்து ஆண்கள் உட்கார்ந்திருந்த மேஜையில் ஒரே சமயத்தில் டிங், டிங், டிங். தைனா அன்றைக்கு உஸ்வாவைப் பழக்கக் காட்டில் அவிழ்த்து விட்டிருந்தாள். எல்லாத் தலைகளும் ஒன்றாகக் கீழே குனிந்தன. மண்ணுக்குள் போனவரும் பழைய வேட்டைக்காரர்தான், முடிந்திருந்தால் அவரும் எடுத்துப் பார்த்திருப்பார்.

"தைனாவோட நாய் பிடிச்சிடுச்சுடா!" என்று வேட்டைத் தலைவன் துவோமோ காதோடு சொன்னான்.

"தைனாவோட நாயா அது?" என்றார் எஸ்கோ.

"பின்ன யாரோடது? அட, என்னமா நிறுத்தி வெச்சிருக்கு பாரு. இந்தப் பொம்பளைக்குக் கை ராசிடா."

கை ராசியாம்! எஸ்கோ வாயில் இருந்த கேக்கை விழுங்க முடியாமல் விழுங்கினார். அந்த நாயை ஈரக் குட்டியாகச் சட்டைக்குள் போட்டு வளர்த்தவர் யார், முதல் மூஸின் காலடியை முகர வைத்தவர் யார்? கேட்கவில்லை. எங்கள் ஊரில் இப்படியெல்லாம் யாரும் யாரையும் கேட்பதில்லை. உள்ளேயே பொருமிக்கொண்டு காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

அக்டோபரில் வேட்டை தொடங்கியது. துப்பாக்கியை எஸ்கோ தொடவில்லை. ஆனால் கைபேசியில் பாதம் நகர ஆரம்பித்துவிட்டால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. கூடையை எடுத்துக்கொண்டு, "லிங்கன்பெர்ரிப் பழம் பொறுக்கிட்டு வரேன்" என்று காரில் கிளம்பிவிடுவார். எந்தக் காட்டுப் பாதை எங்கே முடிகிறது என்பது பனி தள்ளியவருக்குத் தெரியாதா? மரம் அடுக்குகிற பழைய திடலில் நீலக் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, கைபேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தூரத்தில் குரைப்பு கேட்கும். அவ்வளவுதான், அவர் காட்டுக்குள் போய்விடுவார், உடம்பு மட்டும் காரில் இருக்கும். சில நாள் வேட்டை இல்லாத சாயங்காலங்களில்கூட தைனாவின் வீட்டைத் தாண்டி ஒரு சுற்று, திரும்பி ஒரு சுற்று.

"காலையில போனவன், இப்பத்தான் வர்ற. கூடையில ஒரு பிடிகூட இல்ல. கரடி வந்து பிடுங்கித் தின்னுடுச்சா?" என்பாள் சிர்க்கா.

"இந்த வருஷம் காய்ப்பு கம்மி."

"பக்கத்து வீட்டுல வாளி வாளியா வெச்சிருக்காங்க."

இதில் எஸ்கோவே வெட்கப்பட்ட விஷயம் ஒன்று உண்டு. உஸ்வா மூஸை நிறுத்தினால் அவருக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல் வந்தது. உஸ்வா தவறவிட்டால், மூஸ் தப்பித்துவிட்டால், அவருக்குள் ஒரு அற்ப சந்தோஷம் குதித்தது. 'பார்த்தியா, தைனாவுக்கு வரல!' தான் வளர்த்த நாய் தோற்க வேண்டும் என்று தானே ஆசைப்படுகிறோமே என்று தோன்றும்போது கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடி நிமிர்த்துவார்.

அந்தச் சனிக்கிழமை ஹாபசுவோ சதுப்புக்கு அந்தப் பக்கம் உஸ்வா குரைக்க ஆரம்பித்தது. நல்ல குரைப்பு, மூஸ் எதிரே நிற்கிற குரைப்பு. எஸ்கோ திடலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று குரைப்பு நின்றது. "உஸ்வா: நகர்கிறது." வரைபடத்தில் பாதம் சதுப்பைக் கடந்து, மரம் வெட்டிய வெளியைக் கடந்து, நேர்கோடு போட்டதுபோல் அவரைப் பார்த்தே வந்தது. சற்று நேரத்தில் பாதம் வரைபடத்திலிருந்து இறங்கி நிஜமாகவே கார் கதவில் வந்து நின்றது. நாக்கு தொங்க, சேற்றோடு, வாலை ஆட்டு ஆட்டு என்று ஆட்டிக்கொண்டு.

எஸ்கோ கதவைத் திறந்தார். உஸ்வா ஏறி அவர் மடியிலேயே விழுந்தது.

"வந்துட்டியா என் கண்ணு? இந்தக் கிழவனை விட்டுட்டு இருக்க முடியலையா உனக்கு?" மதியத்துக்கு வைத்திருந்த சாசேஜ் முழுவதையும் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தார். இடுப்பு மாற்றியதிலிருந்து இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததே இல்லை. ஐந்து நிமிஷம் வைத்துக்கொண்டு விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது?

கைபேசி அடித்தது. தைனா.

"எஸ்கோ, உஸ்வா உங்க கார்லதானே இருக்கா?"

"எந்தக் கார்?" என்றார் எஸ்கோ. அந்த நேரத்தில் வாயில் வந்தது அவ்வளவுதான்.

"எந்தக் காரா? திடல்ல நிக்குதே, உங்க நீலக் கார். ஒவ்வொரு சனிக்கிழமையும் நிக்குதே, அது. அவளைப் பிடிச்சு வைங்க, வரேன்."

முழங்கால்வரை சேறாக வந்த தைனா, கேட்காமலேயே பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் கைபேசியை அவர் முன்னால் நீட்டினாள். வரைபடம். சதுப்பைச் சுற்றி வேட்டைக்காரர்களின் புள்ளிகள். அவற்றோடு, சாலை முனையில், தனியாக ஒரு புள்ளி. அதன் தலையில் 'எஸ்கோ' என்று எழுதியிருந்தது.

"நான்தான் இந்த வருஷம் வேட்டையிலேயே இல்லையே."

"போன வருஷம் வேட்டையில சேர்ந்தீங்க இல்ல? அதுலேர்ந்து நீங்க வெளியவே வரல. உங்க போன்ல மேல நிக்குதே பாதம், அது கீழ என்ன எழுதியிருக்குன்னு படிச்சதே இல்லையா?"

எஸ்கோ கண்ணாடியைத் தேடி மாட்டினார். சாம்பல் நிறப் பொடி எழுத்து அப்போதுதான் தெளிவாயிற்று. 'உங்கள் இருப்பிடம் குழுவினருக்குக் காட்டப்படுகிறது.' ஒரு வருஷமாக அது அவர் தலைக்கு மேலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அவர் அதில் உஸ்வாவை மட்டும்தான் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும். துவோமோ ஆளுங்களை நிறுத்தறப்பவே உங்களையும் சேர்த்துக்கறான். 'திடல்ல எஸ்கோ உக்காந்திருக்கான், அந்தப் பக்கம் யாரும் சுடாதீங்க'ன்னு. சாயங்காலம் எங்க வீட்டைச் சுத்தறீங்களே, அதுவும் தெரியும். எங்க வீட்டுக்காரர் முதல்ல பயந்தே போயிட்டார்."

எஸ்கோவின் முகத்தில் ஈயாடவில்லை. காது மடல்கள் மட்டும் சிவந்தன. "யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"நம்ம ஊர்ல யாரு யார்கிட்ட என்ன சொல்லியிருக்காங்க, சொல்லுங்க?"

உஸ்வா நடுவில் படுத்து மூச்சு வாங்கியது. அதன் தலை எஸ்கோவின் தொடைமேல் இருந்தது. தைனா அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்க மேல எனக்கு எவ்வளவு பொறாமைன்னு உங்களுக்குத் தெரியாது, எஸ்கோ. அவளை அவுத்து விட்டா, காத்து உங்க பக்கத்துலேர்ந்து அடிச்சாப் போதும், மூக்கைத் தூக்கிட்டு இந்தப் பக்கமே நிப்பா. அப்புறம்தான் வேலை ஞாபகம் வரும். சோறு போடறது நானு. கால்ல முள்ளு எடுக்கறது நானு. அவ ஜன்னல்ல உக்காந்து ரோட்டைப் பாத்துக்கிட்டே இருக்கா, நீலக் கார் வருமான்னு. வருது, அதுவும் நிக்காமப் போகுது. இன்னிக்கு மூஸ் கண்ணு முன்னால நின்னுச்சு. அதை விட்டுட்டு வந்துட்டா. இப்படியே போனா அவ உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. வேட்டைக்கும் உதவ மாட்டா."

பொறாமைக்காரருக்கு இதைவிட இனிப்பான செய்தி உலகத்தில் கிடையாது. எஸ்கோவின் நெஞ்சு முதலில் துள்ளத்தான் துள்ளியது. பிறகு தைனா சேற்றுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்தார். துள்ளல் அடங்கியது.

"என்ன பண்ணணும்கிற?"

"பாருங்க. வேண்டாம்னு சொல்லல. ஆனா வீட்டுலேர்ந்து பாருங்க."

உஸ்வா காரை விட்டு இறங்க மறுத்தது. தைனா கயிற்றைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. எஸ்கோ, "போ. போயேன்டி," என்றார். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. அவர் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தார், முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை காலையிலேயே டிங். "உஸ்வா: நகர்கிறது." எஸ்கோ சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்தார், எழுந்தார், காப்பி ஊற்றினார், குடிக்காமல் வைத்தார். சங்கத்தார் எல்லாரும் இப்போது அவருடைய புள்ளி வீட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பே உடம்பில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது. கடைசியில் கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்தார். கூடையை எடுத்தார்.

"போனை விட்டுட்டுப் போறியே?" என்றாள் சிர்க்கா.

"அது வீட்டுலயே இருக்கட்டும்."

சிர்க்கா கைபேசியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஓஹோ," என்றாள்.

திடலுக்கு அவர் போகவில்லை. வெளியே வந்ததும் விரலை நனைத்துக் காற்றைப் பார்த்தார். வடமேற்கு. சதுப்பைச் சுற்றிக்கொண்டு தென்கிழக்கில் இருக்கிற பழைய சரளைக் குழிக்கு ஓட்டினார். அங்கே நின்றால் உஸ்வாவின் சத்தம் அவருக்கு வரும், அவருடைய வாசனை உஸ்வாவுக்குப் போகாது. எஞ்சினை அணைத்துக் கண்ணாடியை இறக்கினார். வரைபடம் இல்லை, பாதம் இல்லை. காது மட்டும்தான்.

குரைப்பு வந்தது. நீளமான, சீரான, பொறுமையான குரைப்பு. எஸ்கோவுக்கு அந்தக் குரலில் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும் தெரியும். இப்போது மூஸ் தலையை ஆட்டுகிறது, இப்போது ஒரு அடி முன்னால் வருகிறது, இப்போது உஸ்வா பக்கவாட்டில் நகர்கிறது. அந்தக் குரைப்பு அவரைக் கூப்பிடவில்லை. வேறு ஒருத்தியை, சேற்றில் மெதுவாக வந்துகொண்டிருக்கிற ஒருத்தியை, வா வா என்று கூப்பிட்டது. எஸ்கோவுக்கு வயிறு மட்டுமல்ல, கண்ணும் எரிந்தது. சாவி கையில் இருந்தது. திடல் எவ்வளவு தூரம்? சதுப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றால் போதும், காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். மூஸாவது ஒன்றாவது, விட்டுவிட்டு ஓடி வரும். வரும் என்று இப்போது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்ததுதான் கொடுமை.

சாவியைத் துளையில் போட்டார். திருப்பவில்லை. எடுத்தார். மறுபடி போட்டார். குரைப்பு நீண்டுகொண்டே போயிற்று. அவர் சாவியைப் பிடுங்கிப் பின் இருக்கையில், கைக்கு எட்டாத இடத்தில், விட்டெறிந்தார். புது இடுப்போடு அதை எடுக்க இறங்கிச் சுற்றி வர வேண்டும்.

வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று. அப்புறம் காடு பழையபடி ஆயிற்று. எஸ்கோ சாலையைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். யாரும் ஓடி வரவில்லை.

வீட்டுக்குள் நுழையும்போதே சிர்க்கா சிரித்தாள். "வாய்யா, வீட்டுலயே இருந்தவனே. உன் போன் குதிச்சுக்கிட்டே இருந்துச்சு. தைனா என்னமோ எழுதியிருக்கா, படி."

எஸ்கோ நின்றபடியே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'வீட்டுலயே இருந்தீங்க, பார்த்தேன். ரொம்ப நன்றி, எஸ்கோ. ஒரு தடவைகூட அவ விலகல. எல்லாம் முடிஞ்சதும் நேரா என்கிட்ட வந்து, என் பூட்ஸ் மேல தலையை வெச்சுப் படுத்துட்டா. இப்படிப் பண்ணுவான்னு நீங்க சொல்லவே இல்லையே!'

சொல்லவில்லைதான். அதை மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் மறுபடியும் முதலிலிருந்து படித்தார். மேலே பாதம் நின்றுகொண்டிருந்தது. "உஸ்வா: ஓய்வு." பழக்கத்தில் விரலால் தள்ளிப் பார்த்தார். போகவில்லை.

"என்ன எழுதியிருக்கா?" என்றாள் சிர்க்கா.

எஸ்கோ தன் பெரிய விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். 'அந்தக் காப்பிப் பாக்கெட் இன்னும் இருக்கா?'

உடனே பதில் வந்தது. 'ஏப்ரல்லேர்ந்து அலமாரியிலயே இருக்கு. பிரிக்க மனசே வரல.'

'கொண்டு வா' என்று எழுதி அனுப்பிவிட்டு, எஸ்கோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார்.